ஸ்டமக்கர்: வயிற்றின் பெயரில் ஒரு மார்முகப்பு

ஸ்டமக்கர் என்றதும் வயிற்றைச் சுற்றிக் கட்டும் கச்சை என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் அதை எதன்மேலும் சுற்றுவதில்லை. முன்பக்கம் திறந்திருக்கும் கவுனின் இடைவெளியை மறைக்க, மார்பிலிருந்து இடுப்புக்குச் சற்றுக் கீழ்வரை வைக்கும் தனித்துண்டு அது. மேலே அகலம், கீழே கூர்மை. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய ஆண்களும் இதை அணிந்தார்கள் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். பின்னர் பெண்களுடைய உடுப்பில் மட்டும் தங்கி, 18ஆம் நூற்றாண்டில் அலங்காரத்தின் உச்சிக்கே போனது.

மார்பில் கிடக்கும் துணிக்கு வயிற்றின் பெயர் ஏன்? கிரேக்கத்தில் ‘ஸ்டோமா’ என்றால் வாய். அதிலிருந்து பிறந்த ‘ஸ்டொமாகோஸ்’ முதலில் தொண்டையையும் உணவுக்குழாயையும் குறித்து, பிறகு இரைப்பைக்கு இறங்கியது. லத்தீன், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த பின்னும் அதன் எல்லை கறாராக இல்லை. மார்பையும் அச்சொல்லால் சுட்டுவது அன்று வழக்கம். பிரெஞ்சிலும் இதன் பெயர் ‘பியெஸ் தெஸ்தொமா’தான். இத்தாலியர் நெஞ்சை வைத்து ‘பெத்தொரீனா’ என்றார்கள். ஜெர்மன் மொழியின் ‘ஃபோர்ஷ்டெக்கர்’ உறுப்பை விட்டுவிட்டுச் செயலைப் பிடித்துக்கொண்டது: முன்னால் செருகுவது.

செருகுவது என்பது மிகச் சரி. முதலில் திமிங்கிலத் தாடையிலிருந்து எடுத்த பட்டைகள் வைத்துத் தைத்த விறைப்பான உள்மேலாடையை இறுக்கிக் கட்டுவார்கள். அதன்மேல் ஸ்டமக்கரை வைத்து, இரு ஓரங்களிலும் நாக்குப்போல நீட்டிக்கொண்டிருக்கும் துணிகளைக் குண்டூசியால் குத்துவார்கள். பிறகு கவுனைக் கோட்டுபோல மாட்டி, அதன் விளிம்புகளையும் குண்டூசியால் இதன்மேல் பிணைப்பார்கள். இன்று அருங்காட்சியகங்களில் இருக்கும் துண்டுகளில் நடுப்பகுதி முழுக்கப் பட்டும் பொன்னிழையும் வெள்ளியிழையுமாக மின்ன, அந்த ஓர நாக்குகள் வெறும் துணியாக இருப்பதைப் பார்க்கலாம். கவுனுக்கு அடியில் மறையப்போகும் இடத்தில் யார் பொன்னிழையை வீணாக்குவார்கள்? தனித்துண்டு என்பதால் ஒரே ஸ்டமக்கரை வேறு கவுன்களோடும் மாற்றிப் போட முடிந்தது.

அலங்காரத்தில் பெயர்பெற்றது ‘எஷெல்’, அதாவது ஏணி: மேலிருந்து கீழாகச் சிறுத்துக்கொண்டே போகும் ரிப்பன் முடிச்சுகளின் வரிசை. 1756இல் பிரெஞ்சு ஓவியர் பிரான்சுவா பூஷே தீட்டிய, பதினைந்தாம் லூயி மன்னரின் காதலி மதாம் தெ பொம்பதூரின் ஓவியத்தில் (இப்போது மியூனிக்கில் இருக்கிறது) அதைக் கண்ணாரக் காணலாம். முன்பக்கம் மூடிய கவுன்கள் நாகரிகமானதும், 1780களுக்குள் ஸ்டமக்கருக்கு வேலை குறைந்துபோயிற்று.

தமிழுக்கு வருவோம். ஸ்டமக்கரை நாம் என்னவென்று சொல்வது? 1611இன் ஆங்கில வேதாகமத்தில், ஏசாயா 3:24இல், எருசலேம் பெண்கள் இழக்கப்போகும் ஆடைகளில் ஒன்றாக ஸ்டமக்கர் வருகிறது. எபிரெயச் சொல்லின் பொருள் தெளிவில்லாததால், மொழிபெயர்த்தவர்கள் தங்கள் காலத்து உடுப்பையே அங்கே போட்டுவிட்டார்கள். நம்முடைய பழைய தமிழ் வேதாகமம் ‘ஆடம்பரமான வஸ்திரங்கள்’ என்று பொதுப்பட முடித்துக்கொண்டது. அந்த இடத்துக்கு அது புத்திசாலித்தனம். கலைச்சொல்லாக நமக்கு உதவாது.

கச்சு, கச்சை இரண்டும் கட்டுபவை. உதரபந்தம் என்ற சொல் அழகானது. அரங்கனின் ‘திருவயிற்று உதரபந்தம்’ தன் உள்ளத்துள் உலாவுவதாகத் திருப்பாணாழ்வார் பாடுகிறார். ஆனால் அதுவும் வயிற்றைச் சுற்றும் பட்டைதான். வயிற்றணி என்று நேராகப் பெயர்த்தால் தவறான இடத்துக்குக் கை போகும். என் தேர்வு மார்முகப்பு. சங்கிலியின் முன்னால் எடுப்பாகத் தெரியும்படி கோக்கிற வேலைப்பாட்டுத் துண்டை நகைக்கடையில் முகப்பு என்றுதான் கேட்கிறோம். தனித்துண்டு, அலங்காரம், முன்பக்கம் என மூன்றும் அந்த ஒரு சொல்லில் அடங்குகின்றன.

துணி வழக்கொழிந்த பிறகும் பெயர் நகையில் தொடர்ந்தது. மார்பின் நடுவில் குத்திக்கொள்ளும் பெரிய வைர அணியையும் ஸ்டமக்கர் என்றார்கள். 1911 தில்லி தர்பாருக்காகப் பிரிட்டனின் மேரி ராணிக்குச் செய்த ஸ்டமக்கரில், கல்லினன் என்ற மாபெரும் வைரக்கல்லிலிருந்து இதய வடிவில் வெட்டிய 18.8 காரட் வைரம் ஒன்று இருந்தது. அந்த வைரத்தைத் தனியே கழற்றி, ஆடையில் குத்தும் புரூச்சாகவும் அணிந்துகொள்ளலாம். இத்தகைய இடங்களில் மார்முகப்பு என்று மட்டும் எழுதினால் வாசகர் துணியைத் தேடுவார். மார்முகப்பு நகை என்று ஒரு சொல் கூட்டி எழுதுவது நல்லது.