கதவைத் திறந்தால் இறங்கும் படி

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் ரூபிகான் டிரெயில் என்றொரு பாதை இருக்கிறது. ஜார்ஜ்டவுன் பக்கத்திலிருந்து லேக் டாஹோவை நோக்கிப் போகும், சுமார் 35 கிலோமீட்டர். பாதை என்று மரியாதைக்குச் சொல்கிறோம்; பெரும்பகுதி பாறையும் உருண்டைக் கற்களும்தான். ஜீப் நிறுவனம் 2003-ஆம் ஆண்டு மாடலிலிருந்து தன் ரேங்ளர் வண்டியின் முரட்டு வகைக்கு இந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறது. பாறை மேல் ஏற வேண்டிய வண்டி உயரமாக இருந்தாக வேண்டும். ஆனால் அதே வண்டியில்தான் முழங்கால் வலிக்காரர்களும் சின்னப் பிள்ளைகளும் ஏறி உட்கார வேண்டியிருக்கிறது. அவர்களுக்குப் படி தாழ்வாக இருந்தால்தான் உதவும். தாழ்வான படியோ முதல் பாறையிலேயே இடித்துக்கொள்ளும். கதவைத் திறந்தால் மட்டும் இறங்கி, மூடினால் வண்டிக்கடியில் மடங்கிக்கொள்ளும் மின்சார சைடு ஸ்டெப் வந்தது இந்தச் சிக்கலுக்காகத்தான்.

இடிப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். மேடு ஒன்றை முன்சக்கரம் தாண்டிய பிறகு, வண்டியின் நடுவயிறு அதன்மேல் உட்கார்ந்துவிடாமல் தப்புவதற்கு ஒரு எல்லை உண்டு. அதை பிரேக்ஓவர் கோணம் என்பார்கள். நான்கு கதவு ரேங்ளர் ரூபிகானில் முன், பின் அச்சுகளுக்கு இடையே 3,008 மில்லிமீட்டர். ஜீப் சொல்லும் கோணம் 22.6 டிகிரி. எளிய முக்கோணக் கணக்கில், நடுவயிறு தரையிலிருந்து ஏறத்தாழ 300 மில்லிமீட்டரில் இருப்பதற்குச் சமம் இது. இப்போது வண்டியின் உடலை உயர்த்தித் தரும் லிஃப்ட் கிட் போட்டு 75 மில்லிமீட்டர் உயர்த்தினால் கோணம் 28 டிகிரி ஆகும். அப்புறம், ஏற முடியவில்லையே என்று 300 மில்லிமீட்டர் உயரத்தில் மடங்காத படியைத் தொங்கவிட்டால், வண்டியின் இரண்டு ஓரங்களிலும் கோணம் பழையபடி 22.6-க்கே வந்துவிடுகிறது. செலவு செய்து வாங்கிய ஐந்து டிகிரியை, இன்னொரு செலவு செய்து திருப்பிக் கொடுத்த கதைதான். இரண்டு கதவு ரேங்ளர் நீளம் குறைந்தது என்பதால் அதற்கு 27.8 டிகிரி கிடைக்கிறது. அங்கே இந்த இழுபறி அவ்வளவு கடுமையாக இல்லை.

லேண்ட் ரோவர் போன்றவர்கள் இன்னொரு வழியும் வைத்திருக்கிறார்கள்: ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பைகள் தாங்கும் காற்று சஸ்பென்ஷன் உள்ள டிஃபெண்டர், ஆள் ஏறும்போது வண்டியையே 50 மில்லிமீட்டர் தாழ்த்திக் கொடுக்கும். ஸ்பிரிங் வைத்த வண்டிகளுக்கு அந்த வசதி கிடையாது.

தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்ட மின்சாரப் படி 2003 லிங்கன் நேவிகேட்டரில் வந்தது. தனியாக வாங்கி மாட்டும் படிகளில் பெயர் பெற்றது கலிஃபோர்னியாவின் ஏஎம்பி ரிசர்ச். அதைத் தொடங்கியவர் ஹோர்ஸ்ட் லைட்னர். ஆஸ்திரியாக்காரர், மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். மலைச் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு அவர் பெயர் வேறு காரணத்துக்காகத் தெரியும்: பின்சக்கர சஸ்பென்ஷனில் வரும் ‘ஹோர்ஸ்ட் லிங்க்’ அவருடையது. மடங்கும் படிக்கான காப்புரிமைகளிலும் அவர் பெயர் இருக்கிறது. இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான், நான்கு தண்டு இணைப்பு.

வண்டியின் சட்டத்தோடு இறுக்கிய பிராக்கெட் ஒரு தண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து தொங்கும் இரண்டு கைகள் அடுத்த இரண்டு. படிப்பலகையைத் தாங்கும் பிடி நான்காவது. நான்கு மூலையிலும் ஊசிமூட்டு. ஒரே ஒரு கை மட்டும் இருந்தால், கீல் போட்ட கதவு போலப் பலகை சுழன்று, வெளியே வரும்போது சாய்ந்து நிற்கும். இரண்டு கைகள் இருப்பதால் பலகை வெளியேயும் கீழேயும் நகர்ந்தாலும் கிட்டத்தட்டக் கிடைமட்டமாகவே இருக்கிறது. கைகளின் நீளத்தையும் ஊசிகளின் இடத்தையும் கொஞ்சம் மாற்றினால், உள்ளே போகும்போது பலகை மேலே ஏறி, வண்டியின் ஓரத்தோடு ஒட்டிப் படுக்கும். நல்ல படிக்கும் மட்டமான படிக்கும் வித்தியாசம் பெரும்பாலும் இந்தச் சில மில்லிமீட்டர்களில்தான் இருக்கிறது.

மோட்டார்தான் ஆளைத் தாங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இருந்தால் அந்தச் சின்ன 12 வோல்ட் மோட்டாரின் கியர் பல்லெல்லாம் முதல் வாரமே உதிர்ந்துவிடும். படி முழுதாக வெளியே வந்ததும் கைகள் ஒரு தடுப்பில் போய் முட்டி நிற்கும். அதன்மேல் ஏறுபவரின் எடை, கைகளைத் திரும்ப மடக்கும் திசையில் போகாமல், அந்தத் தடுப்பின்மேலேயே மேலும் அழுத்தும் வகையில் வடிவம் அமைந்திருக்கிறது. முழங்காலை நேராக வைத்து நின்றால் தொடைக்கு வேலை குறைவது போலத்தான். அதனால்தான் பாதி இறங்கிய படியில் காலை வைக்கக் கூடாது. அந்த நிலையில் எடை கியரின் தலையில் விழும்.

எடை மோட்டாரை விட்டு விலகினாலும் எங்கோ போய்ச் சேர வேண்டுமே. ஏஎம்பி தன் படிக்கு ஒரு பக்கத்துக்கு 600 பவுண்டு, அதாவது 272 கிலோ என்று சொல்கிறது. கேட்கத் தாராளமாக இருக்கும். ஆனால் 100 கிலோ ஆள் மெதுவாக நிற்பது வேறு, முழு எடையையும் சட்டென்று போடுவது வேறு. திடீரென்று வைக்கும் எடை, மெதுவாக வைப்பதைப்போல இரண்டு மடங்கு விசையைத் தரும் என்பது பொறியியல் பாடம். கூரைமேல் உள்ள சாமானை அவிழ்த்துவிட்டுக் கீழே குதித்தால் இன்னும் கூடும். அத்தோடு நெம்புகோல் கணக்கும் இருக்கிறது. பிராக்கெட்டிலிருந்து 25 சென்டிமீட்டர் வெளியே 100 கிலோ நின்றால், பிராக்கெட்டை முறுக்கும் திருப்புவிசை சுமார் 245 நியூட்டன் மீட்டர். பலகையின் நடுவில் நின்றால் அதைத் தாங்கும் இரண்டு பிராக்கெட்டும் பங்கு போட்டுக்கொள்ளும். ஓரத்தில் நின்றால் ஏறக்குறைய முழுவதும் ஒன்றின் தலையில். ஆகவே வாங்கும்போது பலகையின் பளபளப்பைப் பார்ப்பதைவிட, பிராக்கெட் எதில் இறுக்கப்படுகிறது என்று படுத்துப் பார்ப்பது மேல். தடித்த சட்டத்தில் போல்ட் போட்டிருந்தால் நிம்மதி. மெல்லிய தகரத்தில் துளையிட்டு மாட்டுவது என்றால் நான் வாங்க மாட்டேன்.

இனி மூளைப் பகுதி. கதவுக் கைப்பிடியை இழுத்ததும் பூட்டுக்குள் இருக்கும் சிறு சுவிட்ச் நிலை மாறுகிறது. அந்தச் செய்தி வண்டியின் கணினி வலையில் போகிறது. படியின் கட்டுப்பாட்டுப் பெட்டி, மெக்கானிக் ஸ்கேனர் சொருகும் ஓபிடி பிளக்கின் வழியே அதை ஒட்டுக்கேட்டு மோட்டாருக்கு மின்சாரம் விடுகிறது. பழைய வண்டிகளில் கதவோரம் காந்த சுவிட்ச் வைப்பார்கள். மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தைப் பெட்டி இடைவிடாமல் கவனிக்கிறது. ஓட ஆரம்பிக்கும்போது ஒரு துள்ளல், பிறகு சமநிலை, தடுப்பில் முட்டியதும் மறுபடி செங்குத்தான ஏற்றம்: ‘சரி, வந்தாகிவிட்டது’ என்று நிறுத்திவிடும். அந்த ஏற்றம் வழியிலேயே வந்தால், எதிலோ இடிக்கிறது என்று பொருள். நிற்கும் அல்லது திரும்பும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. சேறோ பனிக்கட்டியோ மூட்டில் அடைத்திருந்தாலும் மின்னோட்டம் ஏறத்தான் செய்யும். அதற்கெல்லாம் நின்றுவிட்டால் குளிர்காலத்தில் படி இறங்கவே இறங்காது. எனவே தயாரிப்பாளர்கள் வரம்பைக் கொஞ்சம் தாராளமாக வைக்கிறார்கள். அந்தத் தாராளம் ஒரு குழந்தையின் கால்விரலுக்கும் சேர்த்துத்தான். கடையில் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டை நடுவில் பிடித்து, எவ்வளவு நசுங்கிய பிறகு படி நிற்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

தண்ணீர் விஷயம். ரேங்ளர் ரூபிகான் 762 மில்லிமீட்டர் ஆழம்வரை கடக்கலாம் என்கிறது ஜீப். படியின் மோட்டார் கதவுக்குக் கீழே இருப்பதால் அந்த ஆழத்தில் அது மூழ்கித்தான் ஆகும். மோட்டாரின் பாதுகாப்புத் தரக்குறியீடு ஐபி67 என்றால் தூசி புகாது, ஒரு மீட்டர் நீரில் 30 நிமிடம் தாங்கும். ஆனால் ஓடிச் சூடான மோட்டார் குளிர்ந்த ஓடையில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, மோட்டாரின் சுழல்தண்டைச் சுற்றியுள்ள சீல் வழியே நீரை உறிஞ்சப் பார்க்கும். காற்றை விட்டு நீரைத் தடுக்கும் சவ்வுத் துளை இருக்கிறதா என்று கேட்பது நல்லது. சேற்றில் போய் வந்தால் படியை இறக்கி வைத்து, மோட்டாரில் நேராகப் படாமல் மூட்டுகளைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, ஊசிகளில் சிலிக்கோன் ஸ்பிரே அடிக்கலாம். கிரீஸ் பூசினால் மணல் ஒட்டிக்கொண்டு அரைக்க ஆரம்பிக்கும்.

பாறையில் போகிறவர்களுக்கு முக்கியமான ஒன்று: மடங்கிய படி பாறையிலிருந்து தப்பிக்கும், வண்டியைக் காப்பாற்றாது. அது அலுமினியப் பலகை. வண்டியின் ஓரத்தைப் பாறைமேல் உரசிக்கொண்டு சறுக்க விடுவது ராக் ஸ்லைடர் எனப்படும் கனத்த இரும்புக் குழாயின் வேலை. ரேங்ளர் ரூபிகானில் அது கம்பெனியிலிருந்தே வருகிறது. சில படிகளைப் பொருத்த அதைக் கழற்ற வேண்டியிருக்கும்; ஸ்லைடருக்குள்ளேயே படி மடங்கும் வகைகளும் விற்பனையில் உண்டு, விலையும் எடையும் கூடுதல். ஊருக்குள் ஓட்டுபவருக்கு முதல் வகை போதும். பாறைக்குப் போகிறவர் ஸ்லைடரைக் கழற்றினால், ஒரு சரிவிலேயே படியையும் கதவோரத்தையும் சேர்த்து இழக்கலாம்.

கடைசியாக, படியை முடக்கும் சுவிட்ச். பாறைகளுக்கு நடுவே வண்டியை நிறுத்தி, சக்கரம் எங்கே இருக்கிறது என்று பார்க்க ஓட்டுநர் கதவைத் திறப்பார். படிக்கு அது தெரியுமா? கடமை தவறாமல் இறங்கி, பக்கத்துப் பாறையில் போய் முட்டும். ரேங்ளரில் இன்னொரு கூத்து: கோடையில் கதவையே கழற்றி வைத்துவிட்டு ஓட்டுவார்கள். கதவும் அதன் ஒயரும் இல்லாதபோது பெட்டி என்ன நினைத்துக்கொள்ளும், படி உள்ளேயே இருக்குமா என்று விற்பவரிடம் காட்டச் சொல்லுங்கள். அந்த சுவிட்ச் ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பானெட்டுக்கு அடியில் ஃபியூஸைப் பிடுங்கித்தான் நிறுத்த முடியும் என்றால், வேறு கம்பெனிப் படியைப் பாருங்கள்.