நடுவுல படாத அடிக்கு என்ன ஆகுது? கோல்ஃப் கிளப் வாங்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் இயற்பியல்

டல்லாஸ்ல இருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "ஆபீஸ்ல எல்லாரும் கோல்ஃப் ஆடுறாங்கன்னு நானும் கத்துக்கிட்டேன், இப்ப சொந்தமா ஒரு செட் வாங்கலாம்னு கடைக்குப் போனா பிளேடு வேணுமா கேவிட்டி பேக் வேணுமான்னு கேக்குறாங்க, ரெண்டும் இரும்புதானே சார், பின்னாடி ஒரு குழி இருந்தா அப்படி என்ன மாறிடப் போகுது?"

அந்தக் குழிதான் சார் விஷயமே. கிளப்னா பந்தை அடிக்கிற மட்டை. அதுல இரும்புத் தலை உள்ளதுதான் அயர்ன். பின்பக்கம் குழி இல்லாத அயர்ன் பிளேடு, குழி விட்டது கேவிட்டி பேக்.

மத்ததை வேகமா சொல்லிடுறேன். பையில 14 கிளப் வரைக்கும்தான் வச்சுக்கலாம். ஒவ்வொண்ணோட முகமும், அதாவது பந்துல படுற பக்கமும், எவ்ளோ சாய்ஞ்சிருக்குங்கிறதுதான் லாஃப்ட், தூரமா அடிக்கிற டிரைவர்ல 10 டிகிரி பக்கம் இருக்கும், கிட்டக்க தூக்கிப் போடுற வெட்ஜ்ல 56, 60ன்னு போகும், சாய்வு ஏற ஏற பந்து உயரமா போய் கிட்டக்க விழும். அயர்ன்ல நம்பர் குறையக் குறைய சாய்வும் குறையும். 3, 4 நம்பர் அயர்ன் புதுசா ஆடுறவங்களுக்கு ரொம்ப படுத்தும், அதுக்குப் பதிலா அடிக்க சுலபமான ஹைபிரிட்னு ஒரு கலப்பு வகை கிளப் இருக்கு, அதை வாங்கிக்கங்க. ஷாஃப்ட்ல, அதாவது கிளப்போட கம்புல, வேகமா சுத்துறவங்களுக்கு விறைப்பான ஸ்டிஃப், மெதுவா சுத்துறவங்களுக்கு கொஞ்சம் வளையுற ரெகுலர்னு சொல்லுவாங்க, ஆனா இதுக்குப் பொதுவான அளவுகோலே கிடையாது, ஒரு கம்பெனியோட ஸ்டிஃப் இன்னொருத்தங்களோட ரெகுலரா இருக்கலாம், அதனால அடிச்சுப் பார்க்காம வாங்காதீங்க. "எங்க 7 அயர்ன் அதிக தூரம் போகும்"னு விளம்பரம் வந்தா முதல்ல லாஃப்டைப் பாருங்க. பழைய செட்ல 34, 35 டிகிரி இருந்த 7 நம்பர் இப்ப சிலதுல 30க்கும் கீழ வந்தாச்சு, அதாவது பழைய 6 நம்பர் மேல 7னு எழுதி விக்கிறாங்க, அவ்ளோதான்.

இப்ப குழிக்கு வருவோம். பிளஸ் ஒன்ல நிலைமத் திருப்புத்திறன் படிச்சிருப்பீங்க, கடையில அதைத்தான் எம்.ஓ.ஐ.ன்னு சொல்றாங்க. ஒரு கம்பு எடுத்து ரெண்டு தண்ணி பாட்டிலை நடுவுல சேர்த்துக் கட்டி, நடுவுல பிடிச்சுக்கிட்டு மணிக்கட்டால இப்படியும் அப்படியும் திருப்புங்க, சுலபமா திரும்பும். அதே பாட்டில்களை ரெண்டு முனையிலயும் கட்டிட்டுத் திருப்புங்க, கை வலிக்கும். எடை அதேதான், தூரத்தோட வர்க்கத்துல எதிர்ப்பு கூடுது. பிளேடுல எடை நடுவுலயே திரண்டு இருக்கும். கேவிட்டி பேக்ல பின்னாடி சுரண்டி எடுத்த இரும்பை ஓரத்துக்குத் தள்ளிடுறாங்க. பந்து நடுவுல படாம நுனிப்பக்கம், அதாவது டோ பக்கம் பட்டுச்சுன்னா பிளேடு சட்டுனு முறுக்கிக்கும், கேவிட்டி பேக் கம்மியா முறுக்கும், பந்தோட வேகமும் திசையும் ரொம்ப கெட்டுப் போகாது.

இதை முதல்ல பெரிய அளவுல கையில எடுத்தவர் நார்வேல பிறந்த கார்ஸ்டன் சோல்ஹைம், ஜெனரல் எலக்ட்ரிக்ல இன்ஜினியர். நாப்பது வயசுக்கு மேலதான் கோல்ஃபே ஆட ஆரம்பிச்சார், குழியைச் சுத்தி இருக்குற பச்சைப் புல்தரையில பந்தைக் குழிக்குள்ள தட்டி விடுற பட்டர்ங்கிற கிளப் அவருக்கு சரியா அமையல. சர்க்கரைக் கட்டியையும் ஐஸ் குச்சியையும் ஒட்டி மாதிரி செஞ்சு பார்த்து, எடையை ரெண்டு ஓரத்துக்கும் தள்ளி 1959ல கலிஃபோர்னியாவுல வீட்டு கராஜ்லயே ஒரு பட்டர் செஞ்சார். அடிச்சா "பிங்"னு சத்தம் வந்துச்சு, கம்பெனி பேரே பிங் ஆயிடுச்சு. அப்புறம் அதே யோசனையை அயர்னுக்கும் கொண்டு போனார்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது டிரைவர்ல நடக்குற கூத்து. அயர்னோட முகம் தட்டையா இருக்கும், ஆனா டிரைவர் முகத்தை வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க, இடவலமா லேசா புடைச்சிருக்கும், கிட்டத்தட்ட 30 செ.மீ. ஆரமுள்ள வட்டத்துல இருந்து வெட்டி எடுத்த துண்டு. ஏன்? டிரைவர் தலை பெருசு, அதோட ஈர்ப்பு மையம் முகத்துக்கு நல்லா பின்னாடி தள்ளி உள்ள இருக்கு. வலது கை ஆட்டக்காரர் டோ பக்கம் அடிச்சுட்டார்னு வைங்க. பந்தும் முகமும் ஒட்டியிருக்கிறது ஒரு செகண்டுல ரெண்டாயிரத்துல ஒரு பங்கு நேரம்தான், அதுக்குள்ள தலை அந்த மையத்தைச் சுத்தி வலது பக்கமா திரும்புது. மையம் பின்னாடி இருக்குறதால முகம் திரும்புறது மட்டுமில்ல, பக்கவாட்டுலயும் வலதுபக்கம் நகருது, நகரும்போது ஒட்டியிருக்குற பந்தோட முதுகையும் இழுத்துக்கிட்டுப் போகுது. பல்சக்கரம் ரெண்டு கடிச்சுக்கிட்டா ஒண்ணு வலம் சுத்தும்போது இன்னொண்ணு இடம் சுத்துமே, அதேதான், அதனாலதான் கியர் எஃபெக்ட்னே பேரு. பந்துக்கு இடப்பக்கம் வளையுற ஸ்பின் கிடைச்சிடுது. முகம் தட்டையா இருந்தா பந்து அப்படியே இடப்பக்கம் போய் மரத்துக்குள்ள விழும். ஆனா புடைப்பு இருக்குறதால டோ பக்கத்து முகம் ஏற்கனவே கொஞ்சம் வலதைப் பார்த்து இருக்கு, பந்து வலது பக்கம் கிளம்பி, ஸ்பின்னால இடது பக்கம் வளைஞ்சு, நடு மைதானத்துக்கே திரும்பி வருது! 19ஆம் நூற்றாண்டு கடைசியிலயே மரத்துல கிளப் செதுக்கினவங்க இந்த மாதிரி புடைச்ச முகத்தோட செஞ்சிருக்காங்க, அதிவேக கேமரா எல்லாம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி.

அயர்ன்ல மையம் முகத்தை ஒட்டியே இருக்கு, முகம் பக்கவாட்டுல நகர இடமே இல்ல, அதனால புடைப்பும் தேவையில்ல. டிரைவர்ல எம்.ஓ.ஐ. ஏத்தினா தலை திரும்புறது குறையும், ஸ்பின்னும் குறையும், அப்ப புடைப்பையும் கொஞ்சம் தட்டையாக்கணும். ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணு ஆடும்.

கோல்ஃப் விதிகளை வகுக்குற யுஎஸ்ஜிஏ, ஆர் அண்ட் ஏங்கிற ரெண்டு அமைப்பும் இதுக்கெல்லாம் எல்லை போட்டு வச்சிருக்காங்க. தலை 460 கன செ.மீ.க்கு மேல போகக் கூடாது, இடவல எம்.ஓ.ஐ. 5,900 கிராம் சதுர செ.மீ., அளக்குறதுல கொஞ்சம் சலுகை உண்டு. முகம் எவ்ளோ துள்ள விடலாம்கிறதுக்கும் வரம்பு இருக்கு, அதனால புது டிரைவர் உங்களுக்கு மாயமா 30 கஜம் தராது. "10கே", அதாவது பத்தாயிரம்னு போட்டு விக்கிறாங்களே, அது இடவலம், மேல்கீழ்னு ரெண்டு எம்.ஓ.ஐ.யையும் கூட்டின கணக்கு, பார்த்து வாங்குங்க.

சரி, உங்களுக்கு எது? ஒயிட்போர்டு மார்க்கரால பந்துல ஒரு புள்ளி வச்சு, அது முகத்தைப் பார்க்குற மாதிரி வச்சு அடிங்க, முகத்துல மை ஒட்டியிருக்கும். இப்படி நிறைய தடவை அடிச்சு முடிச்சதும் பாருங்க. மைப்புள்ளிங்க முகம் பூரா சிதறிக் கிடந்தா கேவிட்டி பேக், யோசிக்கவே வேணாம். எல்லாம் ஒரு அஞ்சு ரூபா நாணயத்துக்குள்ள நடுவுல அடங்குச்சுன்னா பிளேடு பக்கம் போகலாம். எல்லாம் ஒரே இடத்துல, ஆனா டோ பக்கம் ஒதுங்கியிருந்தா அது எம்.ஓ.ஐ. பிரச்சினையே இல்ல, ஷாஃப்ட் நீளமோ நிக்கிற தூரமோ தப்பு. இன்னொண்ணு, நடுவுல பட்டும் பந்து வலது பக்கமே வளைஞ்சு ஓடுதுன்னா முகம் திறந்த மாதிரி, அதாவது வலது பக்கம் பார்த்த மாதிரி வருதுன்னு அர்த்தம், அதுக்கு எவ்ளோ விலையுள்ள கிளப்பும் மருந்து ஆகாது, பாடம் எடுத்துக்கங்க.

பிளேடு ஆளுங்க "அந்த ஃபீல் வராது"ம்பாங்க. இங்கிலாந்துல லஃப்பரோ பல்கலைக்கழகத்துல ஆராய்ஞ்சு பார்த்ததுல, ஆட்டக்காரங்க சொல்ற ஃபீலுக்கும் அடியோட சத்தத்துக்கும் நல்ல தொடர்பு இருக்குன்னு தெரிஞ்சுது. அந்த அதிர்வு கைக்கு வர்றதுக்குள்ள பந்து போயே போச்சு, அதனால ஃபீலுக்குக் காசு கொடுக்குறதும் ஒரு ரசனைதான், தப்பில்ல. கோல்ஃப் கடையில வலி குறையும்னு சொல்லி அயனி வளையல்னு ஒண்ணு மாட்டி விடுவாங்க, அதுதான் எனக்கு எரிச்சல். மேயோ கிளினிக் 2002ல சோதிச்சதுல வெறும் வளையலை விட ஒண்ணும் கூடுதலா வலியைக் குறைக்கல. நம்மூர் ராசிக்கல் மோதிரத்துல கல்லாவது பார்க்க அழகா இருக்கும்.

பழைய செட் வாங்கலாமான்னும் அந்த டல்லாஸ் வாசகர் கேட்டிருந்தார். தாராளமா. எடை எங்க இருக்குங்கிறது வருஷம் ஆனா தேயாது, நல்ல கேவிட்டி பேக் அயர்ன் பத்து வருஷத்துக்கு முந்தினதா இருந்தாலும் அதே வேலையைத்தான் பார்க்கும், கிரிப்பை மட்டும் மாத்திக்கங்க. வெட்ஜ் மட்டும் புதுசா வாங்குங்க, முகத்துல உள்ள கோடு தேஞ்சா ஸ்பின் போயிடும்.