பெர்சுவேஷன் செக்: வசியமும் இல்ல, வற்புறுத்தலும் இல்ல

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கற, ஆளுக்கொரு பாத்திரமா மாறி கதையும் பகடையுமா ஆடுற ஆட்டம் நடக்கற டேபிள்ல அடிக்கடி பாக்கலாம். காவக்காரன் கோட்டைக் கதவைத் திறக்க மாட்டேங்கறான், உடனே ஒருத்தர் ‘பெர்சுவேஷன் போடறேன்’னு, அதாவது பேசிச் சம்மதிக்க வைக்கற திறனைச் சோதிக்கறேன்னு, இருபது முகப் பகடையை உருட்டிடுவாரு, சரி என்ன சொல்லிக் கேட்டீங்கன்னா முழிப்பாரு. பெர்சுவேஷன்ங்கற சொல்லை நாம தமிழ்ல எப்படிப் புரிஞ்சு வச்சிருக்கோம்ங்கறதுலயும் பாதிப் பிரச்சனை இருக்குன்னு எனக்குத் தோணுது.

மூலம் லத்தீன். ‘பெர்’னா முழுசா, ‘சுவாதேரே’ன்னா எடுத்துச் சொல்றது, யோசனை சொல்றது. இனிமைங்கற பொருள்ல வர்ற லத்தீன் ‘சுவாவிஸ்’, சமஸ்கிருத ‘ஸ்வாது’ எல்லாம் இதுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். (நம்ம ‘சுவை’யையும் உடனே இதுல சேக்கணும்னு கை அரிக்கும், ஒலி ஒத்துப்போகுதுங்கறதை மட்டும் வச்சு உறவு கொண்டாட முடியாது.) ஆக அடிப்படையில இது எதிராளிக்கு இனிக்கிற மாதிரி எடுத்துச் சொல்றது, அவன் மண்டைக்குள்ள பூந்து சாவியைத் திருப்புறது இல்ல.

தமிழ்ல என்ன போடலாம்? ‘வற்புறுத்தல்’னு நிறைய பேர் எழுதறாங்க, வற்புன்னாலே வலிமை, அது இன்டிமிடேஷன், அதாவது மிரட்டல் பக்கம் சாயுது. ‘தூண்டுதல்’னா பேப்பர்ல வர்ற ‘குற்றம் செய்யத் தூண்டினார்’ தான் ஞாபகம் வருது. ‘வசப்படுத்துதல்’ ரொம்ப மோசம், அது சார்ம் மந்திரத்துக்குப் போட வேண்டிய சொல், வசியம். சொல்வன்மைங்கறது அழகான சொல், திருக்குறள்ல 65ஆவது அதிகாரமே அதுதான், ஆனா அது பேசறவன்கிட்ட இருக்கற திறமையைச் சொல்லுது, கேக்கறவன் அதுல வரல. என் ஓட்டு ‘இணக்கு’க்கு. அடங்கு அடக்கு, இயங்கு இயக்கு மாதிரி இணங்கு இணக்கு. இணங்கறது அவன், இணக்கறது நீங்க, அதாவது அவன் இணங்கறதுக்கு இடம் இருந்தாதான் உங்க வேலையே ஆரம்பிக்கும்.

ஆட்டத்தோட வரலாறும் இதைச் சுத்தித்தான் போயிருக்கு. 1974ல வந்த முதல் பதிப்புல பெர்சுவேஷன்னு தனித் திறனே கிடையாது, எதிர்ல வர்றவன் எப்படி நடந்துக்குவான்னு பாக்க ரெண்டு ஆறு முகப் பகடையைப் போடுவாங்க. 2000ல வந்த மூணாவது பதிப்புல டிப்ளமசின்னு ஒரு திறன், பகடையும் போனஸும் சேந்து எதிரியா இருக்கறவனை நடுநிலைக்குக் கொண்டு வர 25, ஆபத்தைப் பாக்காம உதவறவனா மாத்த 50 வரணும்னு அட்டவணையே போட்டுட்டாங்க, எதிர்ல ராஜா நின்னாலும் கத்திரிக்கா விக்கறவர் நின்னாலும் அதே நம்பர். போனஸை ஏத்திக்கிட்டே போனா யாரையும் கவுத்துடலாம், இணக்கு வசியமா மாறின இடம் அதுதான்.

2014 பதிப்புல பெர்சுவேஷன், டிஸெப்ஷன் (ஏமாத்தறது), இன்டிமிடேஷன்ங்கற பேர்ல மூணும் கரிஸ்மா, அதாவது ஆளோட வசீகரத்தைக் காட்டற எண்ணுக்குக் கீழ உக்காந்தது. கணக்கு சிம்பிள்தான், கரிஸ்மா 16 உள்ள முதல் லெவல் ஆளுக்கு +3, பயிற்சிக்கு +2, மொத்தம் +5. மிதமான கஷ்டம்னா தொட வேண்டிய இலக்கு 15, பகடையில 10ஓ அதுக்கு மேலயோ விழணும், 55 சதவீத வாய்ப்பு. ஆனா ‘உங்க கிரீடத்தைக் குடுங்க ராஜா’ன்னு கேட்டுட்டு 20 விழுந்துச்சுன்னு குதிக்கறவங்களுக்கு ஒண்ணு, திறன் சோதனையில 20 விழுந்தா தானா ஜெயிச்சிடும்னு அந்த ரூல்ஸ்ல கிடையாது, அது அட்டாக்குக்குத்தான். இலக்கு 30னா 20 விழுந்தும் உங்க கையில 25தான்.

2024 திருத்தம் இன்னும் தெளிவு. எதிராளிக்கு ஏற்கனவே விருப்பம் இருந்தா பகடையே வேணாம், சுத்தமா விருப்பம் இல்லன்னாலும் வேணாம், தயங்கறவன்கிட்ட மட்டும்தான் உருட்டணும். இலக்கு 15, இல்லன்னா அவனோட இன்டெலிஜென்ஸ் (அறிவு) எண், எது பெருசோ அது. தோத்துட்டா அதே விஷயத்தை அதே விதமா மறுபடி கேக்க பொதுவா 24 மணி நேரம் காத்திருக்கணும், அதனால ‘நானும் ஒருக்கா போட்டுப் பாக்கறேன்’னு நாலு பேரும் வரிசையில நிக்கற கூத்துக்கு ஆட்டத்தை நடத்தற டிஎம் தாராளமா தடை போடலாம். பிளேயர் நிஜத்துல கூச்ச சுபாவமா இருந்தா வசனம் பேசச் சொல்லி வதைக்கக் கூடாது, ‘அவன் பொண்ணுக்கு மருந்து வாங்கித் தர்றேன்னு சொல்றேன்’னு ஒரு வரி போதும், அந்த வரிதான் அவன் தயங்கறானா இல்லையான்னு முடிவு பண்ணும்.

சரி, ‘செக்’குக்குத் தமிழ்ல என்ன போடலாம்? அது செஸ்ல ராஜாவுக்கு வைக்கற செக்தான், பாரசீக ‘ஷா’வுல இருந்து வந்து, தடுக்கறதுன்னு ஆகி, அப்புறம் சரிபாக்கறதுன்னு ஆச்சு. சோதனைன்னு வச்சா ‘என்னடா சோதனை’ன்னு பெருமூச்சும் சேந்து வரும், டேபிளுக்கு அதுவும் பொருத்தம்தான். இணக்குச் சோதனைன்னு சொல்லலாம். இணக்கு உருட்டுன்னு மட்டும் வேணாம், இன்னிக்கு நெட்ல உருட்டுன்னா என்ன அர்த்தம்னு எல்லாருக்கும் தெரியும், அதை டிஸெப்ஷனுக்கு எடுத்து வச்சிடலாம்.