கைப்பக்குவத்தைப் பதிவுசெய்ய முடியுமா?

1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் வழக்கத்துக்கு மாறான ஓர் இயந்திரத்தை உருவாக்கியது. கைதேர்ந்த கடைசல்காரர் ஒருவர் முதல் உருப்படியைத் தானே கடைந்து காட்டுவார். இயந்திரத்தில் அவர் செய்யும் அசைவுகள் காந்த நாடாவில் பதிவாகும். அடுத்த உருப்படிக்கு அவர் வர வேண்டியதில்லை. நாடாவை ஓடவிட்டால் இயந்திரம் அதே அசைவுகளைத் திரும்பச் செய்யும்.

அந்த முறை நிலைக்கவில்லை. 1952இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் செய்துகாட்டிய எண்வழிக் கட்டுப்பாடு அதை ஓரங்கட்டியது. வரைபடத்தைக் கணக்காக மாற்றி, அந்தக் கணக்கைக் கொண்டே இயந்திரத்தை ஓட்டும் முறை அது. விமானப் பாகங்களின் சிக்கலான வளைவுகளுக்கு அதுவே ஏற்றது என்றார்கள் பொறியாளர்கள். தொழில்நுட்ப வரலாற்றாசிரியர் டேவிட் நோபிள் வேறொரு காரணத்தைச் சுட்டினார்: வேலையின் பிடி பட்டறையில் இருப்பதைவிடத் தங்கள் அலுவலகத்தில் இருப்பதையே நிர்வாகங்கள் விரும்பின. இரண்டு காரணங்களும் சேர்ந்தே வேலை செய்திருக்கலாம். கணினி கொடுக்கும் எண்களின்படி வெட்டும் இன்றைய சிஎன்சி இயந்திரங்கள் அந்த வழியில் வந்தவை.

செயற்கை நுண்ணறிவு வந்தபிறகு, கைவிடப்பட்ட நாடா முறை வேறு உருவில் திரும்பியிருக்கிறது. ரோபோ ஆய்வகங்களில் இப்போது ஒருவர் இரண்டு இயந்திரக் கைகளைப் பிடித்து அசைக்கிறார். எதிரே இருக்கும் இன்னும் இரண்டு கைகள் அப்படியே அசைந்து வேலையைச் செய்கின்றன. கேமராக்கள் காட்சியையும், மோட்டார்கள் ஒவ்வொரு மூட்டின் கோணத்தையும் நொடிக்குப் பலமுறை பதிவுசெய்கின்றன. ‘காட்சி இப்படி இருந்தால் கை இப்படி நகர வேண்டும்’ என்ற தொடர்பை நரம்பியல் வலையமைப்பு என்னும் கற்கும் மென்பொருள் அந்தப் பதிவுகளிலிருந்து கற்றுக்கொள்கிறது. 2023இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘அலோஹா’ என்ற அமைப்புக்கு, பேட்டரியை அதன் இடத்தில் பொருத்துவது போன்ற நுண்ணிய வேலைகளைக் கற்க ஏறத்தாழ பத்து நிமிடச் செய்முறைப் பதிவுகளே போதுமானதாக இருந்தன. 80 முதல் 90 சதவீத முயற்சிகள் வெற்றிபெற்றன.

பழைய நாடாவுக்கு அசைவு மட்டுமே தெரியும். பொருள் இம்மியளவு விலகியிருந்தாலும் அது பழைய இடத்திலேயே வெட்டும். புதிய முறையில் அசைவு காட்சியோடு பிணைந்திருப்பதால், பேட்டரி சற்றுச் சாய்ந்து கிடந்தாலும் கை அதற்கேற்பத் திரும்பும். ஆனால் இதற்கென்று ஒரு நோயும் உண்டு. சிறு பிழையால் கை சற்றே விலகினால், பதிவுகளில் ஒருபோதும் வராத நிலைக்குப் போய்விடும். அங்கே என்ன செய்வதென்று அதற்கு யாரும் காட்டவில்லை. எனவே அடுத்த அசைவு இன்னும் விலகும். பிழை பிழையைப் பெருக்கும். இதைக் குறைக்கவே அலோஹா அசைவுகளை ஒவ்வொன்றாக முடிவுசெய்யாமல் ஒரு கொத்தாக முன்கூட்டியே கணிக்கிறது. முடிவெடுக்கும் தருணங்கள் குறைந்தால் பிழை நுழையும் வாசல்களும் குறையும்.

தீராத சிக்கல் தொடு உணர்வில் இருக்கிறது. ஒருவர் நட்டை முறுக்கும் வீடியோவை எத்தனை முறை பார்த்தாலும் கடைசிச் சுற்றில் எவ்வளவு விசை கொடுத்தார் என்பது தெரியாது. இன்னும் சற்று அழுத்தினால் மரை போய்விடும் என்பதை அவருடைய கை அறிந்திருக்கிறது, கேமரா அறியாது. மனிதக் கையின் உட்புறத்தில் சுமார் 17,000 தொடு உணர்விகள் இருக்கின்றன. பிடித்த பொருள் நழுவத் தொடங்கினால், நாம் உணர்ந்து முடிவெடுக்கும் முன்பே, பத்தில் ஒரு விநாடிக்குள் பிடி இறுகிவிடுகிறது. வெறும் 13 நானோமீட்டர் உயரமுள்ள வரிகளைக்கூட விரல்நுனி பிரித்தறியும் என்று ஸ்டாக்ஹோம் ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். சாட்ஜிபிடி போன்றவற்றை இயக்கும் மொழி மாதிரிகளுக்கு இணையம் முழுக்க எழுத்து கிடைத்தது. விரல்கள் உணர்ந்ததை யாரும் அப்படிக் குவித்து வைக்கவில்லை.

கணினிக்குள் உருவாக்கிய பாவனைச் சூழலில் பழக்கலாமே என்றால், அதுவும் எளிதல்ல. 2019இல் ஓப்பன்ஏஐ ஓர் இயந்திரக் கையை ரூபிக் கனசதுரத்தைத் திருப்பித் தீர்க்கப் பழக்கியது. கணினிக்குள் அதற்குக் கொடுத்த பயிற்சி மொத்தம் 13,000 ஆண்டுகளுக்குச் சமம். அப்படியும் மிகக் கடினமாகக் கலைத்த கனசதுரத்தை ஐந்தில் ஒரு முறைதான் தீர்த்தது.

2023இல் ஓப்பன்ஏஐ ஆய்வாளர்களும் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரும் சேர்ந்து, மொழி மாதிரிகள் எந்தெந்த வேலைகளைத் தொடும் என்று கணக்கிட்டார்கள். சற்றும் தொடாதவை என்ற பட்டியலில் கல் கொத்தனார்களும் மோட்டார் சைக்கிள் மெக்கானிக்குகளும் இருந்தார்கள். பலர் இதைக் கைத்தொழில்களுக்கான உத்தரவாதமாகவே எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அது அவசர முடிவாகப் படுகிறது. தொழிலின் ஒரு பாதி கையில் இருக்கிறது என்றால், என்ன பழுது என்று கண்டுபிடிப்பது மறுபாதி.

சுழலும் தண்டைத் தாங்கும் ஒரு பேரிங்கை எடுத்துக்கொள்வோம். அதன் வெளிவளையத்தில் விரிசல் விழுந்தால், ஒவ்வொரு குண்டும் அதைக் கடக்கும்போது ஒரு தட்டு விழும். குண்டுகளின் எண்ணிக்கை, அளவுகள், தண்டின் வேகம் ஆகியவை தெரிந்தால் அந்தத் தட்டு விநாடிக்கு எத்தனை முறை வரும் என்று கணக்கிடலாம். உள்வளையம் பழுதானால் எண்ணிக்கை வேறு. அனுபவமுள்ள ஃபிட்டர் ஸ்க்ரூடிரைவரின் நுனியை இயந்திரத்தின் மேல் வைத்து, பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்டே இதைச் சொல்லிவிடுவார். இப்போது ஓர் அதிர்வு உணரியும் அதைப் பகுத்தறியப் பழகிய மென்பொருளும் அதே வேலையை இரவுபகலாகச் செய்கின்றன. கழற்றி மாற்றும் வேலை மனிதரிடமே இருக்கிறது. ஆனால் மூத்தவருக்கு மதிப்பும் கூடுதல் கூலியும் அந்தக் காதுக்காகத்தானே கிடைத்தன?

கருவியின் துணையால் பழகிய கண்ணே மழுங்கலாம் என்பதற்கும் அறிகுறி தெரிகிறது. குடலுக்குள் பார்க்க உதவும் கேமராக் குழாயான அகநோக்கியைச் செலுத்துவதும் ஒரு கைத்தொழில்தான். செயற்கை நுண்ணறிவின் துணையோடு அதைச் செய்யத் தொடங்கிய போலந்து மருத்துவர்கள், துணையில்லாமல் செய்த பரிசோதனைகளில் புற்றுநோய்க்கு முந்தைய கட்டிகளைக் கண்டறிந்த விகிதம் 28.4 சதவீதத்திலிருந்து 22.4 சதவீதமாக இறங்கியது என்று 2025இல் ஓர் ஆய்வு வெளியானது. ஒரே ஆய்வு என்பதால் அதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது.

என்னை அதிகம் உறுத்துவது, தொழில் பழகும் இளையவர்களின் நிலை. செங்கல் அடுக்கும் ‘சாம்’ என்ற ரோபோ கலவை பூசி நீண்ட நேர்ச்சுவரை எழுப்பும். பிதுங்கிய கலவையை வழிப்பது, இணைப்புகளைத் தேய்த்து முடிப்பது, மூலை கட்டுவது ஆகியவை கொத்தனாருக்கு விடப்படுகின்றன. வேலையின் கடினமான பகுதி மனிதரிடம் இருப்பது நல்லதுதான். ஆனால் எந்தக் கொத்தனாரும் முதல் நாளே மூலை கட்டியதில்லை. நேர்ச்சுவரில் ஆண்டுக்கணக்கில் கை பழகிய பிறகுதான் மூலையை அவரிடம் ஒப்படைத்தார்கள்.