ஊசித் துளை ஆறாது: பழைய விமானி ஜாக்கெட்டைத் துப்பறிவது எப்படி?

இணைய ஏலத்தில் வரும் ‘ஏ-2’ தோல் ஜாக்கெட் உண்மையிலேயே இரண்டாம் உலகப் போர்க் காலத்ததுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வாசகர் ஒருவரின் கேள்வி இது. எல்லோரும் முதலில் லேபிளைத்தான் பார்க்கிறார்கள். அதைக் கடைசியில் பாருங்கள். காரணம் பின்னால் வருகிறது.

அமெரிக்க ராணுவ விமானப் பிரிவு 1931-இல் ஏற்றுக்கொண்ட ஜாக்கெட் இது. வரைபட எண் 30-1415. 1943-இல் புதிய ஆர்டர்கள் நிறுத்தப்பட்டன. முதுகு ஒரே தோல் துண்டு. நடுவில் தையல் ஓடினால் அங்கேயே விட்டுவிடலாம். முன்னால் மேல்மூடி வைத்த இரண்டு பைகள் மட்டும். குளிருக்குக் கை நுழைக்கப் பக்கவாட்டில் திறப்பு இருந்தால் அது பிற்காலத்தது. வரைபடம் ஒன்றுதான் என்றாலும் தைத்த நிறுவனங்கள் பல. பைமூடியின் வளைவு, காலரின் நுனி எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். லேபிளில் ‘டபிள்யூ535-ஏசி-27752’ என்றிருந்தால் அது ரஃப் வேர் நிறுவனத்தின் ஒப்பந்தம். 27798 என்றால் டூபோ. லேபிள் டூபோ, பைமூடியோ ரஃப் வேர் என்றால் யாரோ விளையாடியிருக்கிறார்கள்.

ஜிப்பில் டேலன், க்ரௌன், கான்மார் ஆகிய பெயர்கள் வரலாம். ஒய்கேகே என்ற ஜப்பானிய நிறுவனத்தின் பெயர் இருந்தால் ஜாக்கெட் போலி, இல்லையென்றால் ஜிப் பின்னர் மாற்றப்பட்டது. இந்த இரண்டில் எது? இங்கேதான் தோல் வாய் திறக்கிறது.

துணியில் ஊசி இறங்கும்போது இழைகள் விலகி வழிவிடும். நூலைப் பிரித்துவிட்டு நீவினாலோ துவைத்தாலோ பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். தோலில் நெசவே கிடையாது. கொலாஜன் என்ற புரத நார்கள் முப்பரிமாணத்தில் கன்னாபின்னாவென்று பின்னிக் கிடக்கின்றன. தோல் தைக்கும் ஊசியின் நுனியோ கத்திபோல் வெட்டும் வகை; நார்களை விலக்காது, அறுத்துவிடும். உயிருள்ள தோலாக இருந்தால் புது கொலாஜன் சுரந்து காயம் ஆறும். பதனிட்ட தோலில் அதற்குச் செல்கள் ஏது? 1942-இல் விழுந்த துளை இன்றும் துளைதான்.

ஆகவே ஜிப் ஓரத்தை 10 மடங்கு உருப்பெருக்கியில் பாருங்கள். நூல் இல்லாத துளைகள் இன்னொரு வரிசையாகத் தெரிந்தால், பழைய ஜிப்பை எடுத்துவிட்டுப் புதியது வைத்திருக்கிறார்கள். அது குற்றமில்லை, ஜிப்பும் கம்பளிப் பின்னலில் ஆன மணிக்கட்டும் தேய்கிற பாகங்கள், பின்னலைப் பூச்சியும் தின்னும். ஒரே வரிசைத் துளையில் ஒய்கேகே ஜிப் என்றால் பெரும்பாலும் போலி. ‘பெரும்பாலும்’ என்கிறேன், ஏனென்றால் பொறுமைசாலித் தையல்காரர் பழைய துளைகளிலேயே கையால் தைத்துவிடுவார். மார்பில் வட்டமாகத் துளைகளும் நடுவில் வெளுக்காத அடர்நிறமும் இருந்தால் அங்கே படைப்பிரிவுச் சின்னம் இருந்திருக்கிறது. சின்னம் இருந்தும் அதன் துளைக்குள் வெளிறிய புது நார் தெரிந்தால், அது அண்மையில் தைத்தது.

இனி லேபிள். அது பொதுவாக உள்பக்கப் பருத்தித் துணியில் தைக்கப்படுவது. பிரித்து வேறொன்றை வைத்தாலும் துணி காட்டிக்கொடுக்காது. அதனால்தான் கடைசியில் பார்க்கச் சொன்னேன்.

லேபிளை இருட்டறையில் 365 நானோமீட்டர் புறஊதா விளக்கில் காட்டலாம். வெண்மையூட்டும் வேதிப்பொருள்கள் புறஊதாவை உறிஞ்சி நீலமாக ஒளிரும். இவை துணிகளில் பரவலானது போருக்குப் பிறகுதான். லேபிளும் தையல் நூலும் பளீரென்று ஒளிர்ந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் யாராவது சலவைத்தூளால் உள்துணியைத் துடைத்திருந்தாலும் ஒளிரும்; எனவே லேபிள் ஓரத்தின் மடிப்புக்குள் பாருங்கள். ஒளிராவிட்டால் அசல் என்றும் முடிவுகட்ட வேண்டாம். நல்ல போலி தயாரிப்பவர்கள் வெண்மையூட்டி கலக்காத பருத்தி நூலையே வாங்குகிறார்கள்.

தீக்குச்சியால் சுட்டுப் பார்க்கும் பழக்கம் வேறு இருக்கிறது. அதில் தெரிவது தோலா ரெக்ஸினா என்பது மட்டும்தான். குதிரைத்தோலா ஆட்டுத்தோலா என்றோ, எந்த வருடம் என்றோ தெரியாது. 80 வருடப் பொருளில் ஓட்டை விழுவதுதான் மிச்சம். ஆட்டுத்தோலை அறிய உருப்பெருக்கியே போதும்: பெரிய மயிர்க்கண்களும் அவற்றை ஒட்டிப் பொடிக் கண்களும் வரிவரியாக நிற்கும். மாட்டுத்தோலில் ஒரே அளவில் சீராகப் பரவியிருக்கும். குதிரைத்தோல் கடினமான கேஸ். பூச்சு கனமாக இருந்தால் பழகிய கண்ணும் ஏமாறும்.