அரும்பு, மொட்டு, மலர்: தொடக்கப் பள்ளியில் உங்கள் பிள்ளையின் கணக்கை எப்படிச் சோதிக்கிறார்கள்?

42-ல் 17 போனால் மீதி எவ்வளவு? மூன்றாம் வகுப்புப் பிள்ளை சிலேட்டில் 35 என்று போடுகிறாள். "தப்பு, அழிச்சிட்டுத் திரும்பப் போடு" என்கிறோம். அழித்துவிட்டு மறுபடியும் 35 என்றே போடுகிறாள். கவனமே இல்லை என்று நமக்குக் கோபம் வருகிறது.

அவள் கவனமாகத்தான் போட்டிருக்கிறாள். 4-ல் 1 போனால் 3. 2-ல் 7 போகாது, அதனால் 7-ல் 2-ஐக் கழித்து 5. பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்று முன்பு கற்றதை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறாள். பத்துகளில் ஒன்றைப் பிரித்துப் பத்து ஒன்றுகளாக மாற்றிக்கொள்ளலாம் என்பது இன்னும் பிடிபடவில்லை. பாடப்புத்தகம் இதை இனமாற்றம் என்கிறது. வீட்டில் நாம் கடன் வாங்குவது என்போம். சிக்கல் இந்த இடத்தில்தான் என்று தெரிந்துவிட்டால், நான்கு தீக்குச்சிக் கட்டுகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் வைத்துச் சில நாளில் சரிசெய்துவிடலாம். தெரியாமலே விட்டால் ஐந்தாம் வகுப்பில் வகுத்தலிலும் இதே இடத்தில் இடறுவாள். வகுத்தலுக்குள்ளும் கழித்தல் இருக்கிறதே.

தொடக்க வகுப்புகளில் நடக்கும் கணக்கு மதிப்பீடு இந்த இடத்தைத் தேடுவதற்காகத்தான். எங்கள் ஊர் இல்லம் தேடிக் கல்வி மையத்தில் மாலை வகுப்பு எடுத்தபோது பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்டது இதைப் பற்றித்தான். "அக்கா, எம்புள்ள மூணாவது படிக்கிறான், அவன ஏன் அரும்புல போட்டிருக்காங்க? ஃபெயிலாக்கிருவாங்களா?" என்று ஒரு அம்மா கண் கலங்கிக் கேட்டார். அரும்பு என்பது பிள்ளையின் கற்றல் நிலைக்கு வகுப்பில் வைத்திருக்கும் பெயர். அவருக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எண்ணும் எழுத்தும்

கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்து, தமிழ்நாட்டில் 1 முதல் 8-ம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1-ம் தேதிதான் திறந்தன. முதல் வகுப்பையே பார்க்காமல் பிள்ளைகள் மூன்றாம் வகுப்புக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த இடைவெளியை அடைக்க 2022 ஜூன் 13-ம் தேதி திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கம் பள்ளியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்ததுதான் எண்ணும் எழுத்தும் திட்டம். 2025-க்குள் எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் எல்லாரும் பிழையில்லாமல் படிக்க, எழுத, அடிப்படைக் கணக்குப் போடத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அன்று வைத்த இலக்கு. முதலில் 1, 2, 3 வகுப்புகளில் நடந்தது. 2023-24-ல் 4, 5 வகுப்புகளுக்கும் வந்தது.

மத்திய அரசு 2021 ஜூலை 5-ம் தேதி தொடங்கிய நிபுண் பாரத்தும் இதே நோக்கம் கொண்டதுதான். அதன் கணக்கு இலக்குகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம், அவ்வளவு எளிமையானவை. முதல் வகுப்பு முடிக்கும்போது 99 வரை எண்களைப் படித்து எழுதி, எளிய கூட்டல் கழித்தல் போட வேண்டும். இரண்டாம் வகுப்பில் 999 வரை படித்து எழுதி, 99 வரையுள்ள எண்களைக் கழிக்க வேண்டும். மூன்றாம் வகுப்பில் 9999 வரை எண்களும் எளிய பெருக்கலும்.

இனி அந்த அம்மாவின் கேள்வி. எண்ணும் எழுத்தும் வகுப்பில் பிள்ளை எந்த வகுப்பு என்பதை மட்டும் வைத்துப் பாடம் தொடங்குவதில்லை. இப்போது அவனுக்கு என்ன தெரியும் என்று முதலில் பார்க்கிறார்கள். முதல் வகுப்புத் திறன்களில் நிற்கும் பிள்ளை அரும்பு, இரண்டாம் வகுப்புத் திறன்களில் இருந்தால் மொட்டு, மூன்றாம் வகுப்புத் திறன்கள் வந்துவிட்டால் மலர். பயிற்சி நூலில் அந்தந்த நிலைக்கு ஏற்ற பயிற்சி இருக்கும். ஒவ்வொரு பாடத்துக்கும் நிலை தனி. தமிழில் மலராக இருக்கும் பிள்ளை கணக்கில் அரும்பாக இருக்கலாம், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. நிலை நிரந்தரமும் இல்லை. அரும்பில் இருந்தவன் குச்சிக்கட்டு பிடிபட்ட மறுமாதமே மொட்டுக்கு வந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் பெற்றோரிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். "நீ இன்னும் அரும்புதானா?" என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள். ஆசிரியர் தன் வேலைக்காக வைத்துக்கொண்ட அடையாளம் அது. வீட்டில் வசவாக மாறிவிட்டால் பிள்ளை தெரியாததை மறைக்கக் கற்றுக்கொள்வான். மறைத்துவிட்டால் எந்த மதிப்பீட்டாலும் கண்டுபிடிக்க முடியாது.

வருடம் முழுக்க நடக்கும் மதிப்பீடு

தமிழ்நாட்டில் 2012-13 முதல் தொடக்க வகுப்புகளில் முப்பருவ முறை இருக்கிறது. ஒவ்வொரு பருவத்திலும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண், தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. வளரறி என்பது பாடம் நடக்கும்போதே அவ்வப்போது பார்ப்பது. செயல்பாடு, வாய்மொழிக் கேள்வி, சின்னத் தேர்வு எல்லாம் இதில் வரும். தொகுத்தறி என்பது பருவ முடிவில் எழுதும் தேர்வு. எண்ணும் எழுத்தும் வந்தபிறகு ஆசிரியர்கள் கைபேசிச் செயலி வழியாகவும் மதிப்பீடு செய்து பதிவேற்றுகிறார்கள்.

இதில் ஆசிரியர்கள் பக்கம் நியாயமான குறை ஒன்று உண்டு. ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர் இருக்கும் பள்ளிகள் நம் ஊர்களில் ஏராளம். அங்கே ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுக் கேட்டு, சிக்னல் கிடைக்கிற இடம் தேடிப் பதிவேற்றி முடிப்பதற்குள் பாடவேளை கரைந்துவிடுகிறது. ஆசிரியர் சங்கங்கள் இதைத் தொடர்ந்து சொல்லி வருகின்றன. சோதித்த நேரத்தைவிடச் சொல்லிக்கொடுத்த நேரம் கூடுதலாக இருந்தால்தான் சோதனைக்குப் பொருள் உண்டு என்பது என் கருத்து.

ஆய்வு வேறு, பள்ளி மதிப்பீடு வேறு

செய்தித்தாளில் வரும் "மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கழிக்கத் தெரியவில்லை" என்ற தலைப்பு பெரும்பாலும் ஆய்வுகளிலிருந்து வருவது. பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்தும் ஏசர் ஆய்வு கிராமப்புற வீடுகளுக்கே போய்ப் பிள்ளைகளைச் சோதிக்கிறது. 2024 ஏசரின்படி நாடு முழுவதும் கிராமப்புற மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் 33.7 சதவீதம் பேருக்குத்தான் குறைந்தது கழித்தலாவது போடத் தெரிந்திருந்தது. 2022-ல் அது 25.9 சதவீதம். கொரோனாவுக்குப் பின் மேலே வந்திருக்கிறது. ஆனாலும் மூன்றில் இரண்டு பிள்ளை இன்னும் அந்த 42, 17-லேயே நிற்கிறது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

மத்திய அரசின் கல்வி ஆராய்ச்சி அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. 2022 மார்ச்சில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து அடிப்படைக் கற்றல் ஆய்வு நடத்தியது. 2024 டிசம்பர் 4-ம் தேதி 3, 6, 9 வகுப்புகளுக்கு பரக் என்ற தேசிய அளவிலான ஆய்வு நடந்தது. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு 3, 5, 8 வகுப்புகளுக்கு மாநில அடைவு ஆய்வு நடத்தியது. இந்த ஆய்வுகளில் உங்கள் பிள்ளையின் தேர்ச்சி முடிவாவதில்லை. அன்று லீவு போடச் சொல்லவோ, சரியாக எழுதவில்லை என்று பயமுறுத்தவோ யாருக்கும் காரணம் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது

2010 ஏப்ரல் 1-ம் தேதி நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. சேர்க்கையின்போது பிள்ளைக்கோ பெற்றோருக்கோ எந்தத் தேர்வும் வைக்கக் கூடாது என்கிறது பிரிவு 13. "ஒண்ணாங்கிளாஸ் சேர்க்கணும்னா கணக்கு டெஸ்ட் எழுதணும்" என்று ஒரு தனியார் பள்ளி சொன்னால் அது சட்ட மீறல். முதல் முறைக்கு 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறைகளுக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

பெற்றோருக்கு மிகவும் பயன்படுவது பிரிவு 24. ஒவ்வொரு பிள்ளையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்பட்டால் கூடுதலாகக் கற்பிப்பது ஆசிரியரின் கடமை என்கிறது. பெற்றோரைத் தவறாமல் சந்தித்துப் பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைச் சொல்வதும் கடமை என்கிறது. "என் பிள்ளை எங்கே நிற்கிறான்?" என்று கேட்பது சலுகை கேட்பது போல இருக்க வேண்டியதில்லை, அது உங்கள் உரிமை.

பிரிவு 16-ன்படி எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்திவைக்கக் கூடாது என்றுதான் முதலில் இருந்தது. 2019-ல் வந்த திருத்தம் 5, 8 வகுப்புகளில் தேர்வு வைத்துத் தேறாதவரை நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு வழிவிட்டது. தமிழ்நாட்டிலும் அந்த ஆண்டு 5, 8 வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அறிவித்தார்கள். பெற்றோரும் ஆசிரியர்களும் கடுமையாக எதிர்த்ததால் 2020 பிப்ரவரி 4-ம் தேதி ரத்து செய்தார்கள். 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளுக்கு விதியை மாற்றியபோதும், எட்டாம் வகுப்பு வரை கட்டாயத் தேர்ச்சி தொடரும் என்று தமிழ்நாடு சொல்லிவிட்டது. ஆகவே அரும்பில் இருக்கும் பிள்ளை ஃபெயில் ஆக மாட்டான். ஆனால் கட்டாயத் தேர்ச்சி இருப்பதாலேயே, தெரியாமல் மேலே போய்விடாதபடி நாம் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வீட்டில் பத்து நிமிடம்

ஏசர் ஆய்வாளர்கள் கையில் வைத்திருப்பது ஒரே ஒரு தாள். 1 முதல் 9 வரை சில எண்கள், 11 முதல் 99 வரை சில எண்கள், கடன் வாங்கிக் கழிக்கும் ஈரிலக்கக் கணக்குகள், மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கும் கணக்குகள். ஐந்து எண்களைக் காட்டினால் நான்கையாவது சரியாகச் சொல்ல வேண்டும். கழித்தல் இரண்டு கொடுத்தால் இரண்டும் சரியாக வர வேண்டும். வகுத்தல் ஒன்று போதும். இதை நீங்களும் ஒரு பேப்பரில் எழுதிச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து பார்க்கலாம்.

விடையைவிட, அது எப்படி வந்தது என்று கேளுங்கள். "எப்படிப் போட்ட கண்ணு? எனக்குச் சொல்லிக்குடு" என்று கேட்டால் பிள்ளைகள் ஆசையாகச் சொல்வார்கள். என் மையத்தில் ஒரு பையன், தொண்ணூற்று மூன்று எழுது என்றால் 103 என்று எழுதுவான். பல நாள் எனக்குப் புரியவில்லை. ஒருநாள் மெதுவாகச் சொல்லச் சொன்னேன். "தொண் - நூத்தி - மூணு" என்று பிரித்துச் சொன்னான். அவன் காதில் நூத்தி மூணு விழுகிறது, 103 எழுதுகிறான். நம் மொழியில் ஒன்பது என்கிற சொல்லே இருபது, முப்பது மாதிரி "பது" என்று முடிகிறது. தொண்ணூறுக்குள் நூறு ஒலிக்கிறது, தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் ஒலிக்கிறது. ஒன்பது வரும் இடமெல்லாம் பேரும் எண்ணும் ஒட்டாமல் நிற்கும். இதில் குழம்பும் பிள்ளை மந்தமில்லை, நன்றாகக் காது கொடுத்துக் கேட்கிற பிள்ளை. ஒன்பது பத்துக்கட்டுகளையும் மூன்று குச்சிகளையும் அவன் முன்னால் வைத்து எண்ண வைத்தேன். அதற்குப் பிறகு எழுதும் முன் ஒரு நொடி நின்று யோசிக்க ஆரம்பித்தான்.

கடைக்கு அனுப்பியும் பார்க்கலாம். 50 ரூபாய் கொடுத்து 32 ரூபாய்க்கு வாங்கி வந்தால் மீதி எவ்வளவு என்று வாயால் சரியாகச் சொல்லிவிட்டு, அதே கணக்கைத் தாளில் தப்பாகப் போடும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்குக் கணக்கு தெரியும். எழுதும் முறைதான் கைவரவில்லை. கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்கும் பிள்ளைக்கு முதலில் பார்வையைச் சோதியுங்கள். எவ்வளவு சொல்லிக்கொடுத்தும் எண்களே பிடிபடவில்லை என்றால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள்.

ஆசிரியரிடம் எப்படிக் கேட்பது

"எம்புள்ள எத்தனை மார்க்?" என்று கேட்டால் ஒரு எண்தான் கிடைக்கும். "டீச்சர், கணக்குல அவனுக்கு எது வந்திருக்கு, எது வரல? வீட்ல நான் எதச் சொல்லிக்குடுக்கட்டும்?" என்று கேளுங்கள். பயிற்சி நூலைப் புரட்டிக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளை போட்ட தப்பெல்லாம் அதில்தான் இருக்கும்.

வேலையை விட்டுவிட்டுத் தனியாகப் போக முடியாதவர்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். சட்டப்படி குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். கழிப்பறை, காம்பவுண்டுச் சுவர் பற்றிப் பேசுவதோடு, மூன்றாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் கணக்கில் இன்னும் அரும்பில் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன ஏற்பாடு என்றும் கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். பள்ளியில் பதில் கிடைக்கவில்லை என்றால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் போகலாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்கும் பேசலாம்.