ஏர் பேக் வண்டியை நிமிர்த்தும், எடையைக் குறைக்காது

கொலராடோவில் பனி உருகத் தொடங்கினால், பின்பக்கம் தொங்கிப்போன பிக்கப்கள் எங்கள் பட்டறைக்கு வர ஆரம்பித்துவிடும். பின்புறச் சரக்குத் தொட்டியில், பயணத்தில் தங்கி உறங்குவதற்கான கூண்டு, அதாவது கூரை மடங்கும் கேம்பர் ஒன்று உட்கார்ந்திருக்கும். "ஏர் பேக் போட்டால் சரியாகிவிடும்தானே?" என்பார்கள். விபத்தில் விரியும் பலூன் இல்லை இது. பின் ஆக்சிலுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே வைக்கும் காற்றுப் பை. போட்டால் வண்டி நிமிர்ந்துவிடும், அதுதான் சிக்கலே.

நான் முதலில் ஓட்டுநர் கதவைத் திறக்கச் சொல்வேன். ஆட்களும் சரக்கும் சேர்ந்து எத்தனை பவுண்ட் ஏற்றலாம் என்று அங்கே ஸ்டிக்கர் சொல்லும். 1,500 என்று வைத்துக்கொள்வோம். கேம்பர் 1,100 பவுண்ட்தான் என்று விற்றவர் சொல்லியிருப்பார். அது வெறும் எடை. 20 காலன் தண்ணீர் பிடித்தால் 167 பவுண்ட் கூடும். கணவன் மனைவி இருவரும் 350. கணக்கு அங்கேயே தாண்டிவிட்டது. கேஸ் சிலிண்டர், பேட்டரி, நாய்க்குட்டி எதையும் இன்னும் சேர்க்கவில்லை. ஏர் பேக் வைத்தாலும் ஸ்பிரிங்கில் கூடுதல் பிளேட் போட்டாலும் ஆக்சில், பேரிங், பிரேக் எல்லாம் பழையவைதான். ஸ்டிக்கரில் உள்ள எண் ஒரு பவுண்ட்கூட ஏறாது.

அதனால் எல்லாச் சாமானையும் ஏற்றிக்கொண்டு, நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்பில் உள்ள எடை மேடைக்குப் போங்கள். முன் ஆக்சில், பின் ஆக்சில் எடைகளைத் தனித்தனியாகத் தருவார்கள். வரம்பைத் தாண்டினால் சாமானைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் பெரிய வண்டி பார்க்க வேண்டும். இதைச் சொன்னால் பலருக்கு முகம் சுருங்கும். சொல்லாமல் காசு வாங்க எனக்கு மனசு வராது.

வரம்புக்குள் இருந்தால் அடுத்தது டயர். பின் ஆக்சில் எடையில் பாதியை ஒவ்வொரு பின் டயரும் தாங்கியாக வேண்டும். கார் வகை டயரை எடுத்துவிட்டு, லோட் ரேஞ்ச் இ என்ற அதிக எடை தாங்கும் தரம் கொண்ட எல்டி (லைட் டிரக்) டயர் போடுவது நல்ல முடிவு. ஆனால் அதற்கும் கதவு ஸ்டிக்கரில் உள்ள 35 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) மட்டுமே அடித்து ஓட்டுகிறவர்கள் நிறைய. அந்தக் காற்றில் எல்டி டயர், கழற்றிப் போட்ட பழைய டயரைவிடக் குறைவாகத்தான் தாங்கும். முழு எடை தாங்க 80 பிஎஸ்ஐ வரை போகலாம். உங்கள் எடைக்கு எவ்வளவு என்பதை டயர் கம்பெனியின் அட்டவணையில் பாருங்கள். ரிம் அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்றும் கேளுங்கள். சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐக்கு மேல் ஆகாது. டயர் மாற்றும்போதே உயர் அழுத்த வால்வு கேட்டு வாங்குங்கள்.

டயரில் காற்று குறைந்தால் எரியும் டாஷ்போர்டு எச்சரிக்கை விளக்கையும் நம்பாதீர்கள். 2000-இல் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்துபோன விவகாரத்துக்குப் பிறகு அமெரிக்காவில் கட்டாயமானது அது. ஸ்டிக்கர் அளவிலிருந்து கால் பங்கு இறங்கினால் எரிய வேண்டும் என்பது சட்டம். 35-க்கு அது சுமார் 26. நீங்கள் 60 அடித்திருக்கிறீர்கள், ஆணி ஏறி 40-க்கு வந்துவிட்டது என்றால், விளக்கு எரியும் அந்த 26 என்ற அளவை மாற்றியமைக்காத வரை அது வாயே திறக்காது. டயரோ சூடாகிக்கொண்டே போகும். காலையில் கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது கேஜ் வைத்துப் பாருங்கள்.

இதற்கெல்லாம் பிறகுதான் ஏர் பேக். இடது வலது இரண்டுக்கும் தனித்தனிக் குழாய் கேளுங்கள். ஒரே குழாயில் இணைத்தால் வளைவில் அமுங்கும் பையின் காற்று மறுபக்கம் ஓடி, வண்டி இன்னும் சாயும். ஷாக் அப்சார்பர் தேய்ந்திருந்தால் அதையும் கையோடு மாற்றிவிடலாம். வண்டி நிமிர்ந்ததும் ஹெட்லைட் விழும் உயரத்தையும் சுவரில் அடித்துப் பார்த்துச் சரிசெய்யச் சொல்லுங்கள்.